கல்லுக்கு மேல் ஒரு சாண் மண்

வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளையின் மானத்துக்கு விலை போட முடியாது என்று சொல்பவர்கள் அந்த மாமனாரோடு வியாபாரம் செய்து பார்த்ததில்லை. அவர் போட்டார். பதினெட்டடி நீளத்தில் இரண்டு வாய்க்கால், ஒன்றரை அடி ஆழம். கல் பொறுக்கி, உரம் கலந்து, வேர் நட்டு மூடியிருக்க வேண்டும். கெடு, ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை. கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. முடித்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கல்லாங்காடு மூன்று வருடத்துக்கு மாப்பிள்ளையின் கையில்; அதற்குள் பயிர் வெட்டுக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகும் அவன் கையில்தான். முடிக்காவிட்டால் திங்கட்கிழமை காலை பக்கத்துத் தானியக் கிடங்குக்காரர் ஜல்லி கொட்டி சிமெண்ட் பூசி லாரி நிறுத்திக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமனார் தன் பாத்திரக்கடையை அடைத்துவிட்டு வந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டே பேசி முடித்த பேரம் அது.

“மூணு வருஷமா? மூணு வருஷம் போணியாகாத கடைய எவன் மாப்பிள்ளை தொறந்து வெப்பான்?”

“மூணு வருஷம் முடிஞ்சு வெட்ட ஆரம்பிச்சா, அப்புறம் இருபது வருஷம் நிக்காது மாமா. அந்தப் பெரிய ஓட்டல்ல இதை ஐஸ் பெட்டியில வெச்சு விமானத்துல வரவழைக்கிறாங்க.”

“எதை? அந்தப் பச்சைப் பென்சிலையா?”

அஸ்பாரகஸ் என்கிற அந்த வெளிநாட்டுக் காய்கறியின் பெயர் மாமனாரின் வாயில் நுழையாமல் இல்லை. நுழையவிட்டால் அதற்கு மதிப்புக் கொடுத்ததாகிவிடும் என்று வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

மாப்பிள்ளைக்கு ஒரு காலத்தில் சொந்த ஜவுளிக்கடை இருந்தது. கடன் சொன்னவர்களின் சிரிப்பை நம்பி நடத்திய கடை, அதனால் சிரிப்பாய்ச் சிரித்துப் போனது. அதன் பிறகு ஐந்து வருடமாக மாமனாரின் கடையில் உத்தியோகம். உத்தியோகம் என்றால் ஏணிமேல். மேல்தட்டில் இருக்கும் அண்டாவை இறக்குவதும், வாடிக்கையாளர் முகம் சுளித்தால் மறுபடி ஏற்றுவதும். கல்லாப்பெட்டி ஏணியிலிருந்து மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. மூன்றடியைக் கடக்க ஐந்து வருடம் போதவில்லை. வாடிக்கைப் பெண்கள் அவனை “ஏணித் தம்பி” என்று பிரியமாகக் கூப்பிட்டார்கள். அந்தப் பிரியம் அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

ஓட்டல் சமையலறைக்குப் பாத்திரம் இறக்கப் போனபோதுதான் அந்தப் பச்சைத் தண்டுகளைப் பார்த்தான். சமையல்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்து குழந்தையைத் தூக்குவது போல ஒரு கட்டைத் தூக்கினார். விலை கேட்டான். கேட்டவன் அதற்குப் பிறகு நிம்மதியாக ஏணி ஏறவில்லை.

இரண்டு தப்பு செய்தான். முதல் தப்பு, நிலத்தைக் கேட்பதற்கு முன்பே வேரை வாங்கியது. சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடை தேடுகிறவனிடம் வீட்டுக்காரர் வாடகை ஏற்றத்தானே செய்வார்? இரண்டாவது தப்பு, அதை வாங்கிய விதம்.

நாற்றுப்பண்ணைக்காரர் முதல் விலை சொன்னபோது எல்லாவற்றையும் சொன்னார். “நாப்பது வேர். ஈரப்பாசி சுத்தி, சாக்குல கட்டி, பெட்டியில போட்டுத் தருவேன். பிரிக்காம நிழல்ல வெச்சா ஒரு வாரம் தாங்கும்.”

இவன் பாதி விலை கேட்டான். அவர் வானத்தைப் பார்த்தார். இவன் வாசல்வரை போய்த் திரும்பினான். அவர் கொஞ்சம் இறங்கினார். இவன் மறுபடியும் வாசல்வரை போனான். மூன்றாவது தடவை அவர் சிரித்துக்கொண்டே, “சரி, எடுத்துக்கிட்டுப் போங்க” என்று பெட்டியை ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஏதோ கோட்டையைப் பிடித்தவன் போல இவன் வீட்டுக்கு வந்தான். இந்த முறை ஒரு வாரம் தாங்கும் என்று அவர் சொல்லவில்லை என்பதை அவன் காது கவனிக்கவில்லை. பேரம் படிந்த குஷியில் யார் காதுதான் கவனிக்கும்?

சனிக்கிழமை விடிவதற்குள் கயிறு கட்டி, முளைக்குச்சி அடித்து, கடப்பாரையைத் தூக்கிவிட்டான். அந்த நிலம் பெயருக்குத்தான் மண். கடப்பாரை விழுந்த இடமெல்லாம் பதில் பேசியது. ‘ணங்’ என்றால் கைக்கடக்கமான கல், நெம்பினால் வரும். ‘டொக்’ என்றால் தலையளவு. சுற்றிலும் பறித்து, முட்டி போட்டு, வயிற்றோடு அணைத்துத் தூக்க வேண்டும். ஒவ்வொரு சட்டி மண்ணையும் இரும்புச் சல்லடையில் கொட்டி ஆட்டினால் கால்பங்கு கீழே விழும், முக்கால்பங்கு மேலேயே நின்று பல்லிளிக்கும். இந்தப் பயிருக்குக் கல் ஆகாது. முளை மேலே வரும்போது கல் இடித்தால் கொக்கியாக வளையும். வளைந்ததை ஓட்டல்காரன் தொடமாட்டான்.

ஒன்றரை அடி தோண்டி, சலித்த மண்ணோடு மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து, மேலே ஒரு சாண் மட்டும் பள்ளமாக விட்டுத் திரும்ப நிரப்பினான். சனிக்கிழமை இருட்டும்போது முதல் வாய்க்கால் முடிந்திருந்தது. உள்ளங்கையில் கொப்புளம் பொங்கி, உடைந்து, தோல் தனியாகத் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாமனார் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் செய்தித்தாளோடு உட்கார்ந்துவிட்டார். பக்கம் புரளவே இல்லை.

“மாப்பிள்ளை, அந்த மூலையில ஒரு கல்லு உங்களைப் பார்த்துக் கண்ணடிக்குது.”

“பார்த்தேன் மாமா.”

“இல்ல, பார்க்காத மாதிரி தாண்டிப் போனீங்களே, அதான் சொன்னேன்.”

மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனார். இரண்டாவது வாய்க்காலில் பத்தடி முடிந்திருந்தது. மனைவி, வேர்களை எண்ணி எடுத்து வைக்கலாம் என்று பெட்டியைப் பிரித்தாள். பிறகு மெதுவாகக் கூப்பிட்டாள்.

“என்னங்க. கொஞ்சம் வந்து பாருங்க.”

பெட்டிக்குள் பாசி இல்லை, சாக்கு இல்லை, ஈரம் இல்லை. வேர்கள் வெறுமனே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு தலையிலிருந்து பத்துப் பதினைந்து கால்கள் தொங்கும் வேர் அது. தளதளவென்று இருக்க வேண்டியது, பழைய துடைப்பம் போலச் சுருங்கிக் கிடந்தது.

“பாசி சுத்தித் தரேன்னுதான் சொன்னான்” என்றான் மாப்பிள்ளை. முகத்தில் ஈயாடவில்லை.

“எந்த விலைக்கு?”

அவன் பெட்டிக்குள் கையை விட்டு அடிவரை துழாவினான்.

“நான் கடைக்காரர் பொண்ணுங்க. நீங்க பாதி விலைக்கு முடிச்சேன்னு மார்தட்டும்போதே மீதிப் பாதி எங்க போச்சுன்னு கேட்டிருக்கணும். என் புத்தி.” அவள் தலையில் தட்டிக்கொண்டாள். அடுத்த கணமே எழுந்து துணி துவைக்கும் தொட்டியில் தண்ணீர் பிடித்தாள். ஒவ்வொன்றாக முகர்ந்து, அழுத்திப் பார்த்து உள்ளே போட்டாள். நான்கு வேர்கள் கையிலேயே ஒடிந்தன. “முப்பத்தாறு தேறும். ரெண்டு மணி நேரம் ஊறட்டும். அதுக்கு மேல ஊறினா அழுகும், வெளிய எடுத்து வெச்சா காயும். இன்னைக்குப் பொழுதுக்குள்ள மண்ணுக்குள்ள போயாகணும். நாளைக்குன்னு ஒண்ணு இதுங்களுக்குக் கெடையாது.”

“எனக்கும்தான்” என்றான் அவன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

பதினோராவது அடி வந்தது. பன்னிரண்டாவதும் வந்தது. பதின்மூன்றாவது அடியில் கடப்பாரை விழுந்தபோது ணங்கும் இல்லை, டொக்கும் இல்லை. கோவில் மணியை யாரோ கம்பளியால் பொத்தி அடித்தது போல ஒரு சத்தம், முழங்கைவரை அதிர்ந்தது. ஒரு சாண் தள்ளிப் போட்டான். அதே சத்தம். இன்னும் தள்ளி. அதே சத்தம். மண்டியிட்டுக் கையால் மண்ணை வழித்தான். கறுப்பாக, வழவழவென்று, யானையின் முதுகு போல ஒரு பாறை படுத்திருந்தது. கடைசி ஆறடியும் அதுதான். அங்கேயும் முடியாமல் கிடங்குச் சுவருக்கு அடியில் நுழைந்து போயிற்று.

இந்தப் பக்கம் கழிவுநீர்த் தொட்டி, அந்தப் பக்கம் முதல் வாய்க்கால். கயிறு கட்டியது கட்டியதுதான். நகர்த்த இடமும் இல்லை, நேரமும் இல்லை. உள்ளே மாமனாரின் குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். “எவ்வளவு ஆழத்துல இருக்கு?”

“ஒரு சாண். மேல நாலு விரக்கடை வேணா சேர்த்துக்க.”

“உங்க சாணா, என் சாணா?”

“உன் சாணுதான்.”

அவள் குறட்டை வந்த திசையைப் பார்த்தாள். குரலை இறக்கினாள். “மூடிடுங்க.”

“என்னது?”

“மேல அந்தச் சாண் பள்ளத்த மட்டும் விட்டு, பாறை மேல உரமண்ணத் தூவி, வேர வெச்சு மூடுங்க. அப்பா நாடாவ நீளத்துக்குத்தான் போடுவாரு. மூடினதுக்கு அப்புறம் உள்ள என்ன இருக்குன்னு மண்ணுக்குத்தான் தெரியும்.”

“அதுங்க செத்துப்போகும்.”

“ஆறு சாகும். முப்பது பொழைக்கும். இதுக்கு விரல் விட்டு எண்ணணுமா?”

“அப்படி இல்ல...”

“எப்படி இல்ல?” அவள் இன்னும் குனிந்தாள். “நாளைக்குக் காலையில எங்கப்பா உங்களை ஏணியில ஏத்துவாரு. நான் வாசல்ல நின்னு பார்ப்பேன். அஞ்சு வருஷம் பார்த்துட்டேன். ஆறாவது வருஷம் பார்க்கறதுக்கு எனக்குக் கண்ணு இல்லீங்க.”

ஜவுளிக்கடைக்குக் கடைசியாக வந்த துணிப் பொதி அவனுக்கு ஞாபகம் வந்தது. மேலே இரண்டு சுருள் பட்டுப் போல மின்னியது. பிரித்தால் அடியில் முழுக்கப் பூச்சி அரித்த துணி. விற்றவனை ஊரெல்லாம் தேடித் திட்டினான். இப்போது அதே வேலையைத் தன் கையால் செய்ய வேண்டியிருந்தது. செய்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, பாறைமேல் உரமண்ணைப் பரப்பி, தட்டிச் சமன் செய்தான். மற்ற இடத்தைவிட அழகாகவே வந்தது. பொய் எப்போதும் கொஞ்சம் கூடுதல் இஸ்திரியோடுதான் இருக்கும்.

பிறகு இருவரும் நட்டார்கள். பள்ளத்தின் நடுவே மண்ணைக் குதிரை முதுகு போல மேடாக்கி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வேரை, இரண்டு பக்கமும் கால் தொங்கவிட்டு ஏற்றி உட்கார வைத்தார்கள். தண்ணீர் குடித்த வேர்கள் கொஞ்சம் பருத்திருந்தன. தலைமேல் மூன்று விரல் மண். அதற்கு மேல் இப்போது போடக் கூடாது, முளை வளர வளரத்தான் போட்டு நிரப்ப வேண்டும். முப்பது வேர்களை அவள் எடுத்துக் கொடுத்தாள், இவன் வைத்தான். பாறை வந்ததும் கடைசி ஆறை அவளே இறங்கி வைத்தாள். “இந்த ஆறு என் பங்கு” என்றாள்.

குறட்டை நின்றது.

மாமனார் முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கடையின் அளவு நாடாவோடு வந்தார். அவருக்குப் பின்னால் கிடங்குக்காரர். அவர் சும்மா வரவில்லை. கையில் குத்தூசி இருந்தது. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தானிய வியாபாரிகள் வைத்திருக்கும் இரும்பு ஊசி. நடுவில் குழி ஓடும். செருகித் திருகி எடுத்தால் மூட்டையின் அடியில் இருக்கும் தானியம் குழியில் வரும். தூங்கும்போதும் தலைமாட்டில் அதை வைத்திருப்பார் என்று கிடங்கின் சுமைதூக்கிகள் சொல்வார்கள். இவர் வைத்திருந்தது பிடி போக ஒரு அடி நீளம்.

மாப்பிள்ளையின் கண் அந்த ஊசியிலேயே நின்றுவிட்டது.

மாமனார் நாடாவைப் பிடித்தார். “முதல் வாய்க்கால் பதினெட்டு. ரெண்டாவது... பதினெட்டு, ரெண்டு விரல் கூட. அதைக் கொசுறா எடுத்துக்கறேன் மாப்பிள்ளை.” சூரியனை அண்ணாந்து பார்த்தார். கிடங்குக் கூரைக்கு மேல் ஒரு பனையளவு உயரத்தில் நின்றது. “நேரத்துக்குள்ளயும் முடிச்சிட்டீங்க. நான் நினைக்கல.”

“நீளம் சரி அண்ணே” என்றார் கிடங்குக்காரர். “ஆழமும் பேசினீங்களே?”

“பேசினேன்.”

“அப்ப பார்த்துடலாமா? தப்பா நினைக்காதீங்க மாப்ளே. நான் என் சொந்த அண்ணன் மூட்டையவே குத்தித்தான் எடுப்பேன்.”

“குத்திப் பாருங்க” என்றார் மாமனார். “வேர்ல படாம குத்துங்க.”

முதல் வாய்க்காலில் ஆரம்பித்தார். அடிக்கு ஒரு குத்து. ஊசி பிடிவரை நெய்யில் இறங்குவது போல இறங்கியது. திருகி எடுத்து, குழியில் வந்த மண்ணை விரலில் தேய்த்து முகர்ந்தார். “உரமாத்தான் இருக்கு” என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். பதினெட்டும் சுத்தம்.

இரண்டாவது வாய்க்கால். ஒன்று. இரண்டு. மூன்று. மனைவி சமையலறைப் படியில் கையில் வெறும் டம்ளரை வைத்துக்கொண்டு நின்றாள். யாருக்கோ தேநீர் கொண்டு வந்தவள் போல. நான்கு. ஐந்து. ஆறாவது குத்துக்குப் பிறகு கிடங்குக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அலுத்துவிட்டது. ஏழை விட்டுவிட்டு எட்டில் குத்தினார். ஒன்பதை விட்டுவிட்டுப் பத்தில்.

மாப்பிள்ளையின் நெஞ்சுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை தலை தூக்கியது. இந்த மனுஷன் இன்னும் கொஞ்சம் அலுத்தால் போதும். ஒரு கொட்டாவி விட்டால் போதும். அடுத்தது பன்னிரண்டு; அதுவும் நல்ல மண். அதோடு நிறுத்துவாரா? நிறுத்தினால் மூன்று வருடம். நிறுத்தாவிட்டால்? பன்னிரண்டில் ஊசி இறங்கியது. பிடிவரை. கிடங்குக்காரர் பிடியில் கையை ஊன்றிக்கொண்டு சூரியனைப் பார்த்தார், வாய்க்காலின் மீதியைப் பார்த்தார், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். முகத்தில்தான் கொஞ்சம் அதிக நேரம் நின்றது பார்வை. நாற்பது வருடம் மூட்டை பார்த்த கண்.

“அதுக்கு மேல குத்தாதீங்க” என்றான் மாப்பிள்ளை. “ஊசி வளைஞ்சிடும்.”

மாமனார் அவன் பக்கம் திரும்பினார்.

“கடைசி ஆறடி பாறை. ஒரு சாண் மண்ணுகூட மேல இல்ல. மூடி வெச்சேன்.”

பயத்தில் சொன்னானா, மனசாட்சி உறுத்திச் சொன்னானா என்று பிற்பாடு அவனே பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டான். ஒவ்வொரு முறையும் வேறு பதில் வந்தது. படியில் டம்ளர் ‘டங்’ என்று கீழே வைக்கப்பட்டது.

கிடங்குக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “முடிஞ்சது போங்க அண்ணே! கல்லு மூட்டை பிடிபட்டுச்சு. மொத்த லோடும் திருப்பு. நாளைக்குக் காலையில ஜல்லி வருது.”

மாமனார் வாய்க்காலின் ஓரமாக நடந்து வந்து, குத்தூசிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஊசி நின்ற இடத்தை உற்றுப் பார்த்தார்.

“பிடிபட்டுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க தம்பி?”

“இதென்ன கேள்வி? பாறைங்கறாரே!”

“அவர் சொல்றாரு. நீங்க பிடிச்சீங்களா?”

“நான் குத்தப் போனேன், அவர் சொன்னாரு.”

“குத்தப் போனீங்க. குத்தல.” மாமனார் ஊசியின் பிடியில் ஒரு தட்டுத் தட்டினார். “உங்க ஊசி இன்னும் நல்ல மண்ணுலதான் நிக்குது.”

அந்த இரண்டு வியாபாரிகளுக்கும் அடுத்து என்ன என்பது தெரியும். அவர்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு மாறினாலும் அது மாறாது. வாங்குகிறவன் தராசில் வைத்து எடைக்குறைவைப் பிடித்தால் மொத்த லோடும் திரும்பும், விற்றவன் வண்டிக்கூலியும் கொடுக்க வேண்டும். தராசில் ஏறுவதற்கு முன்பே விற்கிறவன் வாய் திறந்து ‘இத்தனை குறைகிறது’ என்று சொல்லிவிட்டால், குறைந்ததற்கு மட்டும் கழிவு. மீதிச் சரக்கு நின்றுகொள்ளும். எத்தனையோ மூட்டைகளை அப்படித் திருப்பியும் கழித்தும் வாழ்ந்தவர்கள் இருவரும்.

“அண்ணே, இது அழுகுணி ஆட்டம். இன்னும் ஒரு அடி தள்ளிக் குத்தியிருந்தா?”

“ஏன் குத்தல? ஏழை விட்டீங்க, ஒன்பதை விட்டீங்க, பதினொண்ண விட்டீங்க. சோம்பல் பட்டது நீங்க. அதுக்கு என் மாப்பிள்ளை ஏன் வண்டிக்கூலி கொடுக்கணும்?”

‘என் மாப்பிள்ளை’ என்று அவர் சொன்னதை அந்த வீட்டில் முதல் முறையாக எல்லோரும் கேட்டார்கள். ஆனால் குரலில் வெல்லப்பாகு எதுவும் இல்லை. ரசீது கிழிக்கும் குரல்.

“சரி, கழிவு போடுங்க” என்றார் கிடங்குக்காரர். “அதையாவது ஒழுங்காப் போடுங்க.”

“முப்பத்தாறடிக்கு முப்பத்தாறு மாசம் பேசினது. அடிக்கு ஒரு மாசம். வந்தது முப்பதடி. முப்பது மாசம் நிலம் மாப்பிள்ளைக்கு. முப்பத்தோராவது மாசம் உங்களுக்கு.”

கிடங்குக்காரரின் முகம் மெல்ல மலர்ந்தது. “முப்பது மாசம்தானே? லாரிய ரோட்டுல நிறுத்திப் பழகினவன், நான் பொறுத்துக்கறேன்.” மாப்பிள்ளையைப் பார்த்து அன்போடு கேட்டார். “ஏன் மாப்ளே, இது வெட்டுக்கு வர எத்தனை மாசம்னீங்க?”

மாப்பிள்ளை மனதுக்குள் கணக்குப் பார்த்தான். முப்பத்தாறு. ஒரு நாள் முன்பு வெட்டினாலும் வேர் வலுவிழந்து செத்துவிடும். முப்பது மாதம் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி, மண் அணைத்து, கொடுக்க வேண்டிய நாளில் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனால், அதற்கு அரை வருடம் கழித்து வெட்டுக்கு ஆகும் முதல் முளை வரும். லாரி டயருக்கு அடியில் வரும். இதைவிட மொத்தமாகத் திருப்பியிருந்தால்கூட முதுகு மிஞ்சியிருக்கும்.

“அப்பா.”

மனைவி படியை விட்டு இறங்கி வந்தாள். கையில் இன்னும் உரமண் ஒட்டியிருந்தது.

“நம்ம கடைக்கு அம்பது குடம்னு சொல்லி நாப்பத்தஞ்சு வந்தா என்ன பண்ணுவீங்க?”

“அஞ்சுக்குக் கழிச்சுட்டுக் கொடுப்பேன்.”

“அந்த அஞ்சு அடுத்த லாரியில வந்து சேர்ந்தா?”

மாமனார் மகளை ஏற இறங்கப் பார்த்தார். தன் கடையின் கல்லாவில் யாரை உட்கார வைத்திருக்க வேண்டும் என்று அப்போது யோசித்தாரோ என்னவோ. “வரவு வெப்பேன்” என்றார். “கழிச்சதைத் திருப்பிக் கொடுப்பேன். எந்தக் கடையிலயும் உள்ளதுதான்.”

“அப்ப பாறைய எடுத்து, ஆறடிய ஒழுங்காத் தோண்டி, ஆறு வேரையும் நட்டா, ஆறு மாசத்தையும் கொடுத்துடணும்.”

“எப்ப வரைக்கும்?” கிடங்குக்காரர் குறுக்கே பாய்ந்தார்.

“முப்பது மாசத்துக்குள்ள எப்ப வேணாலும்” என்றாள் அவள். “அடுத்த லாரி என்னைக்கு வரும்னு யாரு சொல்ல முடியும், சித்தப்பா?”

“அம்மாடி, அது கல்லு இல்ல. பூமியோட முதுகெலும்பு. என் சுவருக்கு அடியில போகுது! அதை அசைச்சா என் கிடங்கு விழும்.”

“அப்ப பாதிக் கல்லு உங்களுதுன்னு ஒத்துக்கறீங்க” என்றார் மாமனார் எழுந்துகொண்டே. “உங்க பாதிய நீங்க எடுத்துக்கங்க. எங்க பாதிய நாங்க எடுத்துக்கறோம்.”

கிடங்குக்காரர் மண்ணிலிருந்து குத்தூசியைப் பிடுங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஊசியைத் துண்டில் துடைத்துக்கொண்டு, “உளி வெச்சுச் சத்தம் போட்டா நான் ஆளைக் கூட்டிட்டு வருவேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சுவரோரமாக நடந்து போனார்.

சூரியன் கூரைக்குக் கீழே இறங்கிவிட்டது. மாப்பிள்ளை பாறைமேல் இருந்த வேர்களை ஒவ்வொன்றாக, கால் ஒடியாமல் விரலால் தோண்டி எடுத்தான். அவள் வாளியில் ஈரமண் நிரப்பிக் கொடுத்தாள். ஆறையும் அதில் படுக்க வைத்தான். பாறை மறுபடியும் வெளியே தெரிந்தது. இருட்டில் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்று அவன் மனது கணக்குப் போட ஆரம்பித்து, பயந்துபோய் நிறுத்திக்கொண்டது.

மாமனார் நாடாவைச் சுருட்டிக்கொண்டே நின்றார். உள்ளே போவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். போகவில்லை.

“வாய்க்கணக்குதான், கேட்டுக்கங்க” என்றார். “வந்தது முப்பதடி, கொடுத்தது முப்பது மாசம். நேர். வராதது ஆறடி, கொடுக்காதது ஆறு மாசம். அதுவும் நேர்.”

“சரி மாமா.”

“நான் எழுந்து வந்து நாடா போட்டேன். சரியா இருக்குன்னு சொன்னேன். அப்ப நீங்க வாயத் திறக்கல. ஊசி பாறை கிட்ட வந்ததுக்கு அப்புறம்தான் திறந்தீங்க.” சுருட்டிய நாடாவைச் சட்டைப் பையில் போட்டார். வாளியைப் பிடித்திருந்த மகளின் கையையும், அதில் ஒட்டியிருந்த மண்ணையும் பார்த்தார். “அந்த இடைவெளிக்கு ஒரு பாக்கி இருக்கு. என்ன விலைன்னு இன்னும் முடிவு பண்ணல. இப்போதைக்கு உங்க பேர்ல பாதி, என் பொண்ணு பேர்ல பாதி வெச்சிருக்கேன்.”